மிளகை மணத்துக்காக வாங்குவோம்

காப்பித்தூள் கடையில் நாம் கறாரானவர்கள். பீபெரி பாதி, பிளாண்டேஷன் ஏ பாதி, சிக்கரி இருபதுக்கு மேல் வேண்டாம் என்று சொல்லி, கண்ணெதிரே அரைக்க வைத்து, சூடு ஆறாத பொட்டலத்தை வாங்கி வரும் பழக்கம் தமிழ்நாட்டில் தலைமுறைகளாக இருக்கிறது. அந்தக் காப்பிச் செடிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரத்தில்தான் மிளகுக் கொடி ஏறிப் படர்கிறது. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் தாண்டிக்குடியிலும் இரண்டும் ஒரே தோட்டத்து விளைச்சல். ஆனால் மளிகைக் கடையில் மிளகு வாங்கும்போது, "நூறு மிளகு" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எந்த மலை, எந்த ரகம், எந்த வருஷத்துப் பறிப்பு என்று நாம் கேட்பதில்லை. கேட்டாலும் கடைக்காரரிடம் பதில் இருக்காது. மணியாக வாங்குவதையே விட்டுவிட்டு, என்றைக்கோ எங்கோ அரைத்த தூளை வாங்கும் வீடுகளும் பெருகிவிட்டன. நாம் மிளகுக்குக் கொடுக்கும் காசில் பெரும்பங்கு அதன் மணத்துக்குரியது. அந்த மணத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்து, அதாவது காரம், கறுப்பு, எடை ஆகியவற்றைப் பார்த்து, மிளகை விலை பேசுகிறோம், வாங்குகிறோம், டப்பாவில் போட்டு வைக்கிறோம். இந்தப் பழக்கம் மாறினால் சமையலுக்கும் நல்லது, மலையில் மிளகு விளைவிப்பவருக்கும் நல்லது என்பது என் வாதம்.

மிளகின் காரமும் மணமும் வெவ்வேறு பொருள்களிலிருந்து வருகின்றன. காரம் பைப்பரின் என்ற பொருளால் வருவது. மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் உள்ள உறவைக் கண்டறிந்த அதே டென்மார்க் அறிஞர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆர்ஸ்டெட்தான் 1819-இல் இதை மிளகிலிருந்து பிரித்தெடுத்தார். பைப்பரின் எளிதில் ஆவியாகாது. கொதிக்க வைத்தாலும் வறுத்தாலும் பெரும்பகுதி உணவிலேயே தங்கிவிடும். மணம் அப்படியல்ல. அது மிளகின் எடையில் இரண்டு முதல் நான்கு சதவீதம் வரை இருக்கும் எண்ணெயில் அடங்கியது. எலுமிச்சைத் தோலில் இருக்கும் லிமோனீன், பைன் மரப் பிசினில் இருக்கும் பைனீன், கிராம்பில் இருக்கும் கேரியோஃபில்லீன் எல்லாம் இந்த எண்ணெயில் உண்டு. நல்ல மிளகைத் தட்டியதும் எழும் வாசனையில் புளிப்பும் பச்சை மரமும் மெல்லிய இனிப்பும் சேர்ந்து வருவது இதனால்தான். மணி உடையாமல் இருக்கும்வரை எண்ணெய் உள்ளே பத்திரமாக இருக்கும். உடைந்ததும் பறக்கத் தொடங்கும். ஆலையில் அரைக்கும்போது எழும் சூட்டிலேயே ஒரு பங்கு போய்விடுகிறது. மிச்சம் கிடங்கிலும் கடையிலும் அடுக்களை அலமாரியிலும் போகிறது. ஆறு மாதம் ஆன மிளகுத்தூளை நாக்கில் வைத்தால் சுரீர் என்றுதான் இருக்கும். அதனால் அது கெட்டுவிட்டதாக நமக்குத் தோன்றுவதில்லை. மூக்கருகே கொண்டுபோனால் தூசியின் நெடிதான் வரும். கண்ணாடிக் குப்பியில் வெளிச்சம் படும்படி வைத்தால் பைப்பரினும் உருமாறிக் காரமும் மங்கும் என்பதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

காரம்தானே மிளகின் குணம் என்று கேட்கலாம். ஒரு காலத்தில் அது சரி. 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வழியாக மிளகாய் இந்தியக் கரைக்கு வரும்வரை நம் சமையலுக்குக் காரம் கொடுத்தவை மிளகும் திப்பிலியும் இஞ்சியும்தாம். மிளகாய் கொல்லையிலேயே காய்த்தது, மலிவாகக் கிடைத்தது, கொஞ்சம் போட்டாலே போதுமானதாக இருந்தது. காரம் ஏற்றும் வேலை அதன் கைக்குப் போய்விட்டது. இன்று காரம் மட்டும் வேண்டுமென்றால் மிளகை விலை கொடுத்து வாங்க வேண்டியதே இல்லை. மிளகாயால் தர முடியாத ஒன்று மிளகில் இருப்பதால்தான் ரசத்திலும் பொங்கலிலும் அது தன் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. அந்த ஒன்றைப் போகவிட்டுவிட்டு மிளகை வாங்குவது வீண் செலவு.

பழைய சமையல் முறைகளைக் கவனித்தால் இதை நம் அடுக்களை நன்றாகவே அறிந்திருந்தது தெரியும். ரசத்துக்கு மிளகையும் சீரகத்தையும் அப்போதே தட்ட வேண்டும், கடைசியில் போட வேண்டும், நுரை கட்டி வரும்போது இறக்கிவிட வேண்டும், கொதிக்க விடக் கூடாது என்பது எந்த வீட்டிலும் சொல்லித் தரப்படும் விதி. கொதித்தால் காரம் தங்கி மணம் மட்டும் ஆவியோடு போகும் என்பதுதான் இந்த விதிக்குள் இருக்கும் வேதியியல். வெண்பொங்கலில் மிளகை நெய்யில் பொரித்துக் கொட்டுவதற்கும் காரணம் உண்டு. பைப்பரின் தண்ணீரில் அநேகமாகக் கரையாது; ஒரு லிட்டருக்கு 40 மில்லிகிராம் அளவுதான். கொழுப்பில் நன்றாகக் கரையும், மணமும் கொழுப்பில் தங்கும். ஆகவே நெய்தான் மிளகைப் பொங்கல் முழுக்கக் கொண்டுசேர்க்கிறது. பொங்கல் சாப்பிட்ட இலையின் ஓரத்தில் முழு மிளகுகள் வரிசையாக ஒதுக்கப்பட்டிருப்பதை எல்லாப் பந்தியிலும் பார்க்கலாம். பழைய மிளகு கடிபட்டால் வாயில் காரம் மட்டும் வெடிக்கும், வாசனை வராது. ஒதுக்குகிறவரைக் குறை சொல்ல முடியாது. புது மிளகை ஒன்றிரண்டாக உடைத்து நெய்யில் அரை நிமிடம் விட்டால் யாரும் ஒதுக்க மாட்டார்கள். ஆஞ்சநேயருக்குச் சாத்தும் வடைமாலையில் மிளகு கொரகொரப்பாக உடைந்து கிடப்பதும், செட்டிநாட்டுக் கோழி வறுவலில் அடுப்பை அணைக்கும் தறுவாயில் ஒரு பிடி புது மிளகுப்பொடி விழுவதும் இதே அறிவிலிருந்து வந்தவை. வறுவலுக்கு மிளகை இரண்டு தடவையாகப் போடுவது நல்ல முறை: பாதி ஆரம்பத்தில், அது இறைச்சிக்குள் காரமாக இறங்கும், பாதி முடிவில், அது மணமாக மேலே நிற்கும். ரோமாபுரிக்காரர்கள் காச்சியோ எ பெப்பே என்னும் பாஸ்தாவுக்கு உடைத்த மிளகை வெறும் சட்டியில் லேசாக வாட்டி, பாஸ்தா வெந்த நீரை அதில் விட்டு, ஆட்டுப்பால் சீஸைக் கலக்கிறார்கள். மூன்றே பொருள், மிளகு பழசானால் அந்த உணவு நிற்காது. கம்போடியாவில் உப்பும் எலுமிச்சைச் சாறும் இடித்த மிளகும் கலந்த ஒரு தொடுகறியோடு மாட்டிறைச்சியும் நண்டும் பரிமாறுகிறார்கள். அதிலும் மிளகை மறைத்துவைக்க ஒன்றும் இல்லை.

உயர்ரக மிளகு என்று பெரிய கடைகளில் கறுப்பு, வெள்ளை, பச்சை, சிவப்பு எனத் தனித்தனிப் புட்டிகளில் விற்கிறார்கள். நான்கும் ஒரே கொடியின் காய்தான். பறிக்கும் பருவமும் பக்குவமும் வேறு. சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவக்கத் தொடங்கும்போது பறித்து, உதிர்த்து, வெயிலில் காயவைத்தால் தோலில் உள்ள நொதி வேலை செய்து கறுக்கும். கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கியெடுத்துக் காயவைத்தால் கறுப்பு சீராக ஏறும். பழுக்கவிட்டு, தண்ணீரில் ஒரு வாரத்துக்கு மேல் ஊறப்போட்டு, தோலைக் கழுவியெடுத்தால் வெள்ளை மிளகு. காரத்தின் பெரும்பகுதி உள்ளே இருப்பதால் காரம் குறையாது. மணத்தின் பெரும்பங்கு தோலோடு போய்விடும். ஊறும் தண்ணீரை மாற்றாமல் விட்டால் மாட்டுத்தொழுவ நாற்றம் ஏறிக்கொள்ளும். மலிவான வெள்ளை மிளகில் பலருக்கும் பிடிக்காமல் போவது அந்த நாற்றம்தான். ஓடும் நீரில் சுத்தமாக ஊறிய வெள்ளை மிளகு சீனர்களின் புளிப்புக் கார சூப்புக்கும், சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் கிடைக்கும் பாக் குத் தே என்ற பன்றியெலும்புச் சாற்றுக்கும் உயிர் கொடுக்கிறது. பச்சை மிளகைத் தாய்லாந்துக்காரர்கள் சரத்தோடு கிள்ளி மீனோடு வதக்குகிறார்கள். நாம் எலுமிச்சைச் சாற்றிலும் உப்பிலும் ஊறப்போட்டுத் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்கிறோம். நன்றாகப் பழுத்த பின் பறித்துக் காயவைத்த சிவப்பு மிளகில் பழத்தின் இனிப்பும் சேர்ந்திருக்கும். இந்தப் புட்டிகளோடு விற்கும் இளஞ்சிவப்பு மணி மிளகே அல்ல. அது முந்திரிக் குடும்பத்து மரத்தின் பழம், முந்திரி ஒவ்வாதவர்கள் ஒதுக்க வேண்டியது. சீனத்துச் செச்சுவான் மிளகும் வேறு செடி. மிளகின் உண்மையான உறவினர்கள் திப்பிலியும் வால்மிளகும். மேலைநாட்டுச் சமையல்காரர்கள் இவற்றை அருமையான சரக்காகத் தேடி வாங்குகிறார்கள். நமக்கோ தெருமுனை நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கின்றன. கண்டந்திப்பிலி ரசம் வைக்கத் தெரிந்த ஊர், திப்பிலியைச் சளிக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்திருப்பது வருத்தம் தருகிறது.

மணத்தைப் பார்க்காமல் வாங்கினால் சந்தை வேறு எதையாவது பார்க்கச் சொல்லித் தருகிறது. முதலாவது பருமன். உலகம் முழுவதும் உசத்தியாக விலைபோகும் தலச்சேரி மிளகு என்பது இன்று ஊர்ப் பெயரைவிட சல்லடை அளவைத்தான் குறிக்கிறது. 4.25 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கும் மணி எக்ஸ்ட்ரா போல்டு, 4.75-இல் நிற்பது ஸ்பெஷல் எக்ஸ்ட்ரா போல்டு. மணி பருக்கப் பருக்க உள்ளே மாவுச்சத்து கூடும், தோலின் பங்கு குறையும். கேரளத்தின் பழைய ரகமான கரிமுண்டாவின் மணி சிறியது. பன்னியூர் ஆராய்ச்சி நிலையம் ஒட்டுச்சேர்த்து உருவாக்கிய பன்னியூர்-1 ரகத்தின் மணி பருமனானது, விளைச்சலும் அதிகம். பருமனைப் பார்த்து மட்டும் விலை வைத்தால் சிறிய மணியின் வாசனைக்கு மதிப்பே இல்லாமல் போகிறது. இரண்டாவது எடை. ஒரு லிட்டர் படியில் எத்தனை கிராம் நிற்கிறது என்பதை வைத்து மொத்த வியாபாரம் நடக்கிறது. பதர் இல்லை என்பதற்கு அது சான்று. மணத்துக்கு அது எந்தச் சான்றும் அல்ல. மூன்றாவது பளபளப்பு. கறுப்பாக மின்னும் மிளகுதான் நல்ல மிளகு என்ற நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை 2012 டிசம்பரில் கொச்சியில் பார்த்தோம். மினரல் ஆயில் கலந்ததாக அங்கே கிடங்குகளில் இருந்த சுமார் 6,400 டன் மிளகை உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் முடக்கி வைத்தார்கள். மூக்கால் மிளகு வாங்குகிற நாட்டில் யாரும் அதற்கு மெருகு எண்ணெய் பூசத் துணிய மாட்டார்கள்.

இதெல்லாம் வசதி படைத்தவர்களின் ஆடம்பரம், சாமானியர் வீட்டுக்கு ஏது மலை பார்த்து மிளகு வாங்கும் தெம்பு என்ற மறுப்பை நான் மதிக்கிறேன். வெளிநாட்டுப் புட்டிகளில் ஐம்பது கிராமுக்குச் சொல்லும் விலை அப்படி எண்ண வைக்கும். ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். நாலு பேருக்கு ரசம் வைக்க ஒரு தேக்கரண்டி மிளகு, ஏறத்தாழ மூன்று கிராம் போதும். கிலோ 800 ரூபாய் என்று வைத்தால் அது 2 ரூபாய் 40 காசு. இரு மடங்கு விலை கொடுத்து 1,600 ரூபாய்க்கு வாங்கினால் 4 ரூபாய் 80 காசு. ஆளுக்கு 60 காசு கூடுகிறது. அதே ரசத்தில் விழும் தக்காளி ஒரு வாரத்தில் இதைவிட அதிகமாக ஏறி இறங்குகிறது. தவிர, முதல் மாற்றத்துக்குச் செலவே கிடையாது. தூளை நிறுத்திவிட்டு, பக்கத்துக் கடையில் கிடைக்கும் சாதாரண மிளகையே மணியாக, ஐம்பது கிராம் ஐம்பது கிராமாக வாங்கி, இருட்டான டப்பாவில் போட்டு, தேவைப்படும்போது இடிகல்லில் தட்டினாலே பாதி மணம் திரும்பிவிடும். இடிகல் இல்லாத வீட்டில் சப்பாத்திக் கட்டையும் துணியும் போதும்.

இன்னொரு மறுப்பு சற்று நுட்பமானது. புளியும் பெருங்காயமும் பூண்டும் மல்லியும் கூடி இரைச்சல் போடும் உணவில் கொல்லிமலை மிளகா, கூடலூர் மிளகா என்று எந்த நாக்குக்குத் தெரியும் என்பது அது. எல்லார் மூக்கும் ஒன்றல்ல என்பதற்கு அறிவியல் சான்றும் இருக்கிறது. மிளகுக்கே உரிய காரசாரமான வாசனைக்கு முக்கியக் காரணமான ரோட்டன்டோன் என்ற பொருளை 2008-இல் ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிலையத்தார், ஷிராஸ் திராட்சை மதுவில் மிளகு வாடை ஏன் வருகிறது என்று தேடும்போது அடையாளம் கண்டார்கள். அவர்கள் சோதனையில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசனை தெரியவே இல்லை. இதை மறுக்க வேண்டியதில்லை. மீதி நாலு பேருக்குத் தெரிகிறது. அந்த ஐந்தாமவருக்கும் மிளகில் உள்ள மற்ற வாசனைகள் தெரியும். சாம்பார்ப் பொடிக்கும் கறிமசாலாவுக்கும் மலை பார்த்து வாங்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே புது மிளகாக இருந்தால் போதும். பொங்கல், மிளகு சாதம், மிளகு வடை, அவித்த முட்டை, நண்டு மிளகு வறுவல் என மிளகே தலைமை தாங்கும் உணவுகள் நம்மிடம் ஒன்றிரண்டல்ல. அங்கே வித்தியாசம் தெரியும். காப்பியில் பாலும் சர்க்கரையும் கலந்த பிறகும் பீபெரியின் வித்தியாசம் தெரிகிறது என்று நம்புகிறவர்கள் இதை நம்பத் தயங்கக் கூடாது.

மிளகு மருந்து, அதற்கு மணம் எதற்கு என்பாரும் உண்டு. மஞ்சளின் குர்குமினை உடல் ஏற்றுக்கொள்ள பைப்பரின் பெரிதும் உதவுகிறது என்று 1998-இல் பெங்களூரு ஆய்வாளர்கள் காட்டியதிலிருந்து இந்தப் பேச்சு வலுத்திருக்கிறது. மருந்தாக நினைக்கிற பொருளை யாரும் ருசித்து வாங்குவதில்லை. கசந்தாலும் உறைத்தாலும் விழுங்கிவிடுகிறார்கள். மிளகின் தரம் நம் நாட்டில் பேசுபொருளாகாமல் போனதற்கு இந்த மருந்து மரியாதையும் ஒரு காரணம் என்றே எண்ணுகிறேன். மணமுள்ள மிளகிலும் பைப்பரின் இருக்கத்தான் செய்கிறது. மணத்தைக் கேட்பதால் மருந்துக் குணத்துக்கு ஒரு குறையும் வராது.

கனமான மறுப்பு மலையிலிருந்து வருகிறது. மரத்தில் சாத்திய ஒற்றை மூங்கில் ஏணியில் நின்றுகொண்டு சரம் சரமாகக் கிள்ளிப் பறிக்கும் வேலைக்கு ஆள் கிடைப்பதே அரிது. நூறு கிலோ பச்சை மிளகு காய்ந்தால் சுமார் 33 கிலோ கறுப்பு மிளகு. வெள்ளையாக்கினால் 25 கிலோ அளவுக்கு இறங்கிவிடும். பழுக்கவிட்டுக் காத்திருந்தால் பறவைகள் பங்கு கேட்கும். வாடல் நோய் வந்தால் கொடியே போய்விடும். இதற்கிடையில் ரகம் பிரி, பருவம் பார், தனித்தனியாகக் காயவை என்றால் கமிஷன் கடையில் எல்லாம் ஒரே விலைக்குப் போகும்போது விவசாயி ஏன் செய்ய வேண்டும்? நியாயமான கேள்வி. பதில் கம்போடியாவில் இருக்கிறது. அங்கே கம்போட் பகுதி மிளகுத் தோட்டங்கள் 1970-களில் கெமர் ரூஜ் ஆட்சியில் ஏறத்தாழ அழிந்தன. பிறகு சில குடும்பங்கள் மீண்டும் கொடி வைத்தன. 2010-இல் கம்போட் மிளகுக்கு அந்நாட்டின் புவிசார் குறியீடு கிடைத்தது. 2016-இல் ஐரோப்பிய ஒன்றியமும் அந்தப் பெயருக்குப் பாதுகாப்புக் கொடுத்தது. எந்த மாவட்டங்களில் விளைந்தது, எப்படிப் பறித்தது, எப்படித் தரம் பிரித்தது என்ற விதிகளுக்கு உட்பட்டதைத்தான் அந்தப் பெயரில் விற்கலாம். உலகச் சந்தையில் வியட்நாம் கொட்டும் மிளகின் அளவோடு கம்போட் போட்டியே போட முடியாது, போடவும் இல்லை. பெயரை விற்றது, பெயருக்குப் பின்னால் இருந்த வேலைக்கு விலை வாங்கியது. வியட்நாம் மிளகு கெட்டது என்று நான் சொல்லவில்லை. விலையை மட்டும் பார்த்தால் அதனோடு நம் மலை விவசாயி மோத முடியாது. வெளிநாட்டு மிளகு கிலோ 500 ரூபாய்க்குக் குறைந்து உள்ளே வரக் கூடாது என்று மத்திய அரசு 2017 டிசம்பரில் குறைந்தபட்ச இறக்குமதி விலை வைக்க நேர்ந்ததே அதற்குச் சாட்சி. வேலி ஓரளவுக்குக் காக்கும். வாங்குகிறவர் பெயர் சொல்லிக் கேட்டால் அதைவிட நன்றாகக் காக்கும். பெயர் வந்தால் போலியும் வரும் என்பது உண்மை. அதனால்தான் பெயரோடு சோதனையும் வேண்டும். மலபார் மிளகுக்குப் புவிசார் குறியீடு ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் அது மிக அகன்ற நிலப்பரப்பு. அதன் குடைக்குள் ஒரு மலைக்கும் இன்னொரு மலைக்கும் உள்ள வித்தியாசம் தெரியாது.

தொடங்குவதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம். இன்றைய மிளகுப் பொட்டலத்தில் கட்டிய தேதி இருக்கிறது, இத்தனை மாதத்துக்குள் பயன்படுத்தவும் என்ற வரி இருக்கிறது. பறித்த ஆண்டு இல்லை. விலை ஏறட்டும் என்று மிளகை மூட்டையாகக் கட்டி வருஷக்கணக்கில் வைத்திருப்பது மலையிலும் மண்டியிலும் சகஜம். காய்ந்த மிளகு கெடாது என்பதே அதன் பெருமை. ஆகவே மூன்று வருஷத்து மிளகு நேற்றுப் பொட்டலமாகி இன்று புதுசாக நம் கைக்கு வரலாம், அதில் யாரும் சட்டத்தை மீறியிருக்க மாட்டார்கள். பறித்த பருவம், மலையின் பெயர், ரகம் என்ற மூன்று விவரங்களை அச்சிட ஒரு வரி இடம் போதும். மலைவாழ் மக்கள் கூட்டுறவுச் சங்கங்களும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் தாங்கள் விற்கும் மிளகில் அதை முதலில் செய்து காட்டலாம். தோட்டக்கலைத் துறை தன் விற்பனை நிலையங்களில் அப்படிப்பட்ட பொட்டலங்களை மட்டும் வைக்கலாம். வாங்குகிறவர் செய்ய வேண்டியது இன்னும் எளிது. கடையில் இரண்டு மணியை வாங்கி நகத்தால் நசுக்கி முகர்ந்து பார்த்து, எந்த ஊர் மிளகு, எப்போது பறித்தது என்று கேட்க வேண்டும். முதல் மாதம் கடைக்காரர் உதட்டைப் பிதுக்குவார். நாலு பேர் கேட்டால் மண்டியில் அவரும் கேட்பார்.